கோவைக்குத் திரும்பியவரின் டெக்சஸ் தபால்: ஒரு விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் நிகழ்வு ஆய்வு

என் பெரியப்பா மகன் டெக்சஸில், டாலஸ் பக்கத்துப் பிளேனோவில், எச்1பி வேலை விசாவில் பல வருஷம் வேலை பார்த்தவர். கிரீன் கார்டு வரிசை நகர்வதாகத் தெரியவில்லை, மூத்தவளைப் பள்ளிக்கூடம் மாற்றுவதென்றால் இப்போதே மாற்றியாக வேண்டும், பெரியம்மாவுக்கும் முன்னைப்போல் முடியவில்லை. எல்லாம் சேர்ந்துகொள்ள, குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. வீட்டைக் காலி செய்தார், காரை விற்றார், ஃபர்னிச்சரைக் கொடுத்துவிட்டார், விமானம் ஏறிவிட்டார். அவருடைய அமெரிக்கத் தபால் மட்டும் நிற்கவில்லை.

அதை அவர் விர்ச்சுவல் மெயில்பாக்ஸ், அதாவது தபாலை வாங்கி ஸ்கேன் செய்து போனில் காட்டும் வாடகைப் பெட்டி, வைத்துச் சமாளித்ததைக் கிட்ட இருந்து பார்த்தேன். நான் இன்னும் அமெரிக்காவிலேயே இருப்பதால் சந்தேகம் எல்லாம் முதலில் என் வாட்ஸாப்புக்குத்தான் வரும். ஊர் திரும்பும் யோசனையில் இருக்கும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கிற விஷயம் என்பதால் ஆரம்பம் முதல் முடிவு வரை எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சேவை நல்லதுதான், வேலையும் செய்கிறது. ஆனால் இதில் சேருவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

என்ன தபால் வருகிறது

எல்லாம் ஆன்லைன் ஆன பிறகு காகிதத்தில் என்ன வரப்போகிறது என்று அவரும் கேட்டார். பேப்பர்லெஸ் என்று டிக் அடித்தால் தீர்ந்தது என்ற நினைப்பு. பேங்க் ஸ்டேட்மென்ட், கரண்ட் பில் வரைக்கும் அது சரி. அமெரிக்காவில் வில்லங்கமான விஷயங்கள் இன்னும் கவரில்தான் வருகின்றன. வருமான வரித்துறையான ஐஆர்எஸ் ஒருவரை முதலில் தொடர்புகொள்வது பெரும்பாலும் தபாலில்தான். பழைய கம்பெனி ஜனவரி 31-க்குள் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை அனுப்பியாக வேண்டும்; வேலையை விட்ட பிறகு கம்பெனி லாகின் இருக்காது, ஆக அது காகிதமாக, கம்பெனியின் பதிவில் எந்த வீட்டு முகவரி இருக்கிறதோ அங்கே போகும். அபார்ட்மென்ட் டெபாசிட்டைக் காலி செய்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம், ஆனால் குடியிருந்தவர் தன் புது முகவரியை எழுத்தில் கொடுக்கும்வரை வீட்டுக்காரருக்கு அந்தக் கடமை கிடையாது. கொடுத்தால் பெரும்பாலும் செக்காகத்தான் வரும், அதையும் யாராவது வாங்கியாக வேண்டும்.

இதோடு ஓய்வூதியச் சேமிப்பான 401கே கணக்கு, மருத்துவச் செலவுக்கான எச்எஸ்ஏ கணக்கின் புது டெபிட் கார்டு, பழைய பல் டாக்டரின் பாக்கி பில். கோர்ட்டில் ஜூரியாக உட்காரச் சொல்லும் ஜூரி டியூட்டி அழைப்பும் வரும்! டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் ஆள் எடுப்பதால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் அது வந்துவிடுகிறது. 'நான் சிட்டிசன் இல்லை' என்று பதில் போட்டால் முடிந்தது, ஆனால் பதில் போட வேண்டும். அண்ணன் கோவையில் இருக்கும்போது அவருக்கு ஒன்று வந்தது, காலின் கவுண்டி கோர்ட்டிலிருந்து.

அப்புறம் டோல் பில். காரை வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமலே டோல் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார், பில் பழைய உரிமையாளரான அண்ணன் பெயருக்கு வந்தது. கார் விற்ற 30 நாளுக்குள் டெக்சஸ் மோட்டார் வாகனத் துறையிடம் 'வண்டியை விற்றுவிட்டேன்' என்று ஒரு அறிவிப்பு கொடுக்கலாம், ஆன்லைனில் சில நிமிட வேலை. அண்ணன் அதைக் கொடுத்திருந்தார், அதனால் அந்த நகலை அனுப்பி முடித்துக்கொண்டார். பில் வந்ததே தெரியாமல் போயிருந்தால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.

முதலில் அவர் மனதில் இருந்தது நம் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். "தம்பி, உன் வீட்டு அட்ரஸையே குடுத்துட்டுப் போயிடறேன்டா" என்றார். ஊர் திரும்புகிற தமிழர்கள் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். "அண்ணா, என் விசாவுக்கே எப்போ என்ன ஆகும்னு தெரியல, நானே வீடு மாறினா ரெண்டு பேர் தபாலும் சேர்ந்து தொலையும்" என்றேன். அது உண்மை. சொல்லாமல் விட்ட இன்னொரு காரணமும் உண்டு. அடுத்தவர் கவரைப் பிரித்து, அவர் வரி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பார்த்து, போட்டோ எடுத்து அனுப்புகிற வேலை சொந்தக்காரர்களுக்குள் நல்லதில்லை. மளிகைக் கடை விளம்பரக் கட்டுக்கு நடுவே வரித்துறைக் கவர் ஒன்று கிடந்து, நான் கவனிக்காமல் விட்டேன் என்றால் அந்தப் பேச்சு ஒரு தலைமுறைக்கு ஓடும்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது

அமெரிக்காவில் ஏதோ ஒரு தெருவில் நிஜமாகவே ஒரு கடை இருக்கும். அதன் முகவரியில் உங்களுக்கு ஒரு பெட்டி எண் தருவார்கள். கவர் வந்ததும் வெளிப்புறத்தைப் படம் எடுத்து உங்கள் கணக்கில் போடுவார்கள். நீங்கள் போனில் பார்த்து, பிரித்து ஸ்கேன் செய், அப்படியே வைத்திரு, கூரியரில் அனுப்பு, கிழித்துப் போடு, செக் என்றால் பேங்கில் போடு என்று ஏதாவது ஒன்றைத் தட்டலாம். டெக்சஸும் இந்தியாவும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம், கோடையில் பத்தரை. அங்கே பகலில் கடைக்காரர் படம் எடுத்துப் போட்டதை அண்ணன் மறுநாள் காலை டீயோடு பார்த்துக்கொள்வார்.

வெளிப்புறப் படம் மட்டும் போதும் என்றால் அமெரிக்கத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ்ஸே இலவசமாகத் தருகிறது. இன்ஃபார்ம்டு டெலிவரி என்று பெயர், 2017-இலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. ஆனால் அது நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு, கவரை யாரும் பிரித்துத் தர மாட்டார்கள்.

தபால் துறைக்கு வெளியே நின்று இதைச் செய்யப் பார்த்தவர்களும் உண்டு. டெக்சஸ் ஆஸ்டினில் அவுட்பாக்ஸ் என்ற ஸ்டார்ட்அப், மாதம் 5 டாலருக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் வீட்டு வாசல் பெட்டியிலிருந்தே தபாலை ஆள் வைத்து எடுத்துப்போய் ஸ்கேன் செய்து கொடுத்தது. தபால் துறை ஒத்துழைக்கவில்லை, வீடு வீடாகப் போகிற செலவும் கட்டுப்படியாகவில்லை, 2014 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். இன்று பிழைத்திருப்பவை எல்லாம் தபால் துறையின் விதிக்குள் வந்து, தனியார் தபால் பெறும் முகவராகப் பதிவு செய்துகொண்டவை. சிஎம்ஆர்ஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்த நாலெழுத்து கொஞ்சம் முக்கியம், பின்னால் பேங்க்காரர்கள் இதை வைத்துத்தான் மடக்கினார்கள்.

இவற்றிலும் இரண்டு ரகம். சில கம்பெனிகள் சொந்தக் கட்டடத்தில் சொந்த ஆட்களை வைத்து நடத்துகின்றன. எனிடைம் மெயில்பாக்ஸ், ஐபோஸ்டல்1 மாதிரியானவை நாடெங்கும் இருக்கிற பல கடைகளைத் தங்கள் ஆப்பின் கீழ் சேர்த்து வைத்திருக்கின்றன. இரண்டாவது ரகத்தில் ஊர் ஊராக முகவரி கிடைக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் நீங்கள் பணம் கட்டுவது ஒருவரிடம், கவர் போய்ச் சேருவது வேறொருவர் கடையில். அண்ணன் இரண்டாவது ரகத்தில் ஒன்றை எடுத்தார். பிளேனோவிலேயே முகவரி கிடைத்ததுதான் காரணம். அது அவசியமே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

படிவம் 1583

உங்கள் தபாலை இன்னொருவர் வாங்க வேண்டுமென்றால் யுஎஸ்பிஎஸ்ஸின் படிவம் 1583-இல் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர் முன்னாலோ நோட்டரி முன்னாலோ போடலாம், வீடியோ வழியாகவும் செய்ய முடியும். இரண்டு அடையாளம் கேட்பார்கள்: ஒன்று போட்டோ உள்ளது, இன்னொன்று நீங்கள் குடியிருக்கும் முகவரியைக் காட்டுவது. பாஸ்போர்ட் முதலாவதற்கு ஆகும். இரண்டாவதற்கு டிரைவிங் லைசென்ஸ், நடப்பில் உள்ள வாடகை ஒப்பந்தம், வண்டிப் பதிவு அட்டை, வீட்டு அல்லது வண்டி இன்ஷூரன்ஸ் பத்திரம் மாதிரி ஏதாவது. கிரெடிட் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி அட்டை எல்லாம் செல்லாது.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும், அமெரிக்காவில் இருக்கும்போதே செய்து முடித்துவிட வேண்டிய வேலை இது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வாடகை ஒப்பந்தம் முடிந்திருக்கும், கார் இருக்காது. அண்ணன் கிளம்புவதற்கு முந்தைய மாதமே தன் பேங்க் கிளைக்குப் போய், வாடிக்கையாளர் என்பதால் காசில்லாமல் நோட்டரி கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்தியாவிலிருந்து செய்வதென்றால் ஆன்லைன் நோட்டரி பார்க்க வேண்டும், அல்லது சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அங்கே ஒரு முத்திரைக்கு 50 டாலர்.

இவ்வளவுக்கும் சிக்கல் வந்தது பெயரில்.

அண்ணி பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. தமிழ்நாட்டில் பாதிப் பாஸ்போர்ட் அப்படித்தான் இருக்கும், நமக்கு ஏது குடும்பப் பெயர். அமெரிக்க விசாவில் அந்தக் காலிக் கட்டம் இருக்கக்கூடாது என்று, இருக்கிற ஒரே பெயரைக் கடைசிப் பெயராக்கி, முன்னால் எஃப்என்யூ என்று மூன்றெழுத்தை வைத்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. லைசென்ஸில் அப்படியே ஏறியது. பேங்க் ஒன்று அதை எடுத்துவிட்டு அண்ணன் பெயரைப் பின்னால் ஒட்டியது. இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டையும் போட்டது. ஆக ஒரே ஆளுக்கு மூன்று பெயரில் கவர் வரும். கடைக்காரருக்கோ 1583-இல் இருக்கிற பெயருக்கு வரும் தபாலைத்தான் வாங்க அதிகாரம். ஆரம்பத்தில் அண்ணிக்கு வந்த கவர் ஒன்று, 'பதிவில் இல்லாத பெறுநர்' என்ற குறிப்போடு ஆப்பில் சிவப்பாக நின்றது. பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் எல்லாம் அனுப்பி, மூன்று விதமான எழுத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி வாங்கினார்கள். அண்ணனுக்கும் இதே கதைதான், கொஞ்சம் லேசாக: அப்பா பெயர் முன்னால் ஒரு கவரில், பின்னால் இன்னொரு கவரில், இனிஷியல் மட்டும் வேறொன்றில். நம் ஆட்கள் இந்தப் படிவத்தை நிரப்பும் முன் வீட்டில் இருக்கிற பழைய கவர்களை எல்லாம் எடுத்து, எந்தெந்த விதமாகப் பெயர் வந்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது உத்தமம். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிப் படிவம் கேட்டார்கள், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

முகவரியை எழுதுவதிலும் ஒரு கட்டாயம் இருக்கிறது. பெட்டி எண்ணுக்கு முன், தனியார் பெட்டி என்பதைக் காட்டும் பிஎம்பி என்றோ எண் குறியோ போட வேண்டும். 'அபார்ட்மென்ட்' என்று போட்டு வீடு மாதிரிக் காட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். விதிப்படி அது கூடாது, தபால் திரும்பிப் போகவும் வாய்ப்பிருக்கிறது.

ஒவ்வொருவராக மாற்றியது

பழைய வீட்டுத் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லி யுஎஸ்பிஎஸ்ஸிடம் ஒரே ஒரு விண்ணப்பம் போட்டால் போதும் என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். முதல் வகுப்புத் தபாலைப் 12 மாதம் திருப்பி அனுப்புவார்கள். அது வலைதான், ஆனால் ஓட்டையுள்ள வலை. பேங்க் கார்டு வருகிற கவர்களில் 'திருப்பி அனுப்ப வேண்டாம், அனுப்பியவருக்கே கொடு' என்று அச்சடித்திருப்பார்கள், அவை புது முகவரிக்கு வராது. 12 மாதம் முடிந்ததும், காசு கட்டி நீட்டிக்காவிட்டால், எல்லாமே நின்றுவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நிரந்தர மாற்றம் என்று விண்ணப்பித்தால், அந்தத் தகவல் என்சிஓஏலிங்க் என்ற தொகுப்பில் ஏறுகிறது. அதில் கடந்த 48 மாத முகவரி மாற்றங்கள் இருக்கும், உரிமம் வாங்கிய கம்பெனிகள் தங்கள் பட்டியலை அதோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளும். அதனால்தான் நீங்கள் சொல்லாமலே சில இடங்களுக்குப் புது முகவரி தெரிந்துவிடுகிறது. ஐஆர்எஸ்ஸும் உங்கள் 'கடைசியாகத் தெரிந்த முகவரி'யை அதிலிருந்து புதுப்பித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. தற்காலிக மாற்றம் என்று போட்டால் அந்தத் தொகுப்பில் ஏறாது.

அண்ணி இதில் கெட்டி. ஒரு நீளமான நோட்டை எடுத்து, யார் யார் தபால் அனுப்புகிறார்கள், கணக்கின் கடைசி நாலு எண் என்ன, முகவரியை எங்கே போய் மாற்றுவது, என்றைக்கு மாற்றினோம், மாற்றிய பிறகு புது முகவரிக்கு முதல் கவர் எப்போது வந்தது என்று கோடு போட்டு எழுதினார். எக்செல் போடுங்கள் அண்ணி என்றேன், கேட்கவில்லை. கடைசிக் கட்டம் நிரம்பாத வரைக்கும் அந்த வரி முடியவில்லை என்று கணக்கு. பழைய வீட்டிலிருந்து திருப்பிவிடப்பட்டு வரும் கவரில் தபால் துறையின் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். வெளிப்புற ஸ்கேனில் அந்த மஞ்சள் தெரிந்தால், அனுப்பியவர் இன்னும் பழைய முகவரியிலேயே இருக்கிறார் என்று அர்த்தம், உடனே நோட்டில் ஒரு வட்டம். ஐஆர்எஸ்ஸுக்கு மட்டும் தனியாக, முகவரி மாற்றத்துக்கான படிவம் 8822 அனுப்பினார்கள். அது ஏற 4 முதல் 6 வாரம் ஆகும்.

பேங்க்குகள்தான் மல்லுக்கு நின்றன. அமெரிக்காவில் கணக்கு வைத்திருப்பவரின் குடியிருப்பு முகவரியை பேங்க் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம், 2001-இன் பேட்ரியட் சட்டத்திலிருந்து வந்தது. யுஎஸ்பிஎஸ்ஸின் முகவரித் தரவில் ஒவ்வொரு சிஎம்ஆர்ஏ கடைக்கும் ஒரு அடையாளக் குறி இருக்கிறது. நீங்கள் என்னதான் தெருப் பெயரோடு எழுதினாலும், முகவரிச் சரிபார்ப்பு மென்பொருள் ஒரு நொடியில் இது தபால் கடை என்று சொல்லிவிடும். அண்ணன் பங்கு வாங்கி விற்கும் ஒரு புரோக்கரேஜ் தளத்தில் புது முகவரியை வீடு, தபால் என்ற இரண்டு கட்டத்திலும் போட்டார். வீட்டுக் கட்டத்தில் ஏறவே இல்லை.

வேறு யாராவது இருந்தால் அங்கே என் முகவரியை எழுதியிருப்பார்கள். அண்ணன் அப்படிச் செய்யாதது நல்லதாகப் போயிற்று. குடியிருப்பு என்ற இடத்தில் கோவை முகவரி, தபால் என்ற இடத்தில் பெட்டி முகவரி என்று உண்மையையே எழுதினார். அதற்கு விலை இருந்தது: வரிக் கணக்கில் வெளிநாட்டவர் என்பதற்கான டபிள்யூ-8பென் படிவம் கேட்டார்கள், புதிதாக மியூச்சுவல் ஃபண்ட் வாங்க முடியாது என்றார்கள், இருப்பதை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். அந்தப் படிவம் கையெழுத்துப் போட்ட வருஷத்துக்குப் பிறகு மூன்றாவது வருஷக் கடைசி வரை செல்லும். வெளிநாட்டில் இருப்பவர் கணக்கே வேண்டாம் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு, அதனால் கிளம்பும் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. 'அமெரிக்க முகவரி கையில், அமெரிக்காவில் வசிப்பது போலவே' என்ற தொனியில் வரும் விளம்பரங்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. பெட்டி உங்கள் தபாலை வாங்கும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை அது மாற்றாது, வரியையும் மாற்றாது.

அமெரிக்கர்களிலேயே, வீட்டை விட்டுவிட்டு, உள்ளேயே குடியிருக்கும் ஆர்வி வண்டியில் சுற்றுகிறவர்கள் இதே பெட்டியை வசிப்பிடமாகக் காட்டுவது உண்டு. சவுத் டகோட்டாவில் ஒரு ராத்திரி தங்கிய ரசீதை வைத்து லைசென்ஸ் வாங்குவார்கள். அது அவர்களுக்கென்று அந்த மாநிலம் திறந்து வைத்த வழி. கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அது பொருந்தாது.

ஐஆர்எஸ் கவர்

பெட்டிக்குக் கொடுத்த காசு ஒரே கவரில் வசூலானது. கருவூலத் துறை பெயரும், சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தினால் 300 டாலர் அபராதம் என்ற வரியும் அச்சடித்த ஜன்னல் வைத்த கவர். ஸ்கேனில் பார்த்ததும் அண்ணன் எனக்குப் போன் போட்டார், குரலே மாறியிருந்தது. "பிரிக்கச் சொல்லுங்கண்ணா, பயந்து என்ன ஆகப்போகுது" என்றேன்.

உள்ளே இருந்தது சிபி2000. நீங்கள் சொன்ன வருமானமும் மற்றவர்கள் உங்களைப் பற்றி எங்களிடம் சொன்ன வருமானமும் ஒத்துப்போகவில்லை என்கிற அறிவிப்பு. பில் போலத் தெரியும், உண்மையில் இது ஒரு முன்மொழிவுதான். பழைய கம்பெனி ஊழியர் பங்குத் திட்டத்தில் கொஞ்சம் பங்கு இருந்ததைக் கிளம்பும் சமயம் விற்றிருந்தார். விற்ற தொகை 1099-பி படிவமாக ஐஆர்எஸ்ஸுக்குப் போயிருந்தது, அண்ணனின் வரித் தாக்கலில் விட்டுப்போயிருந்தது. வாங்கிய விலை அந்தப் படிவத்தில் இல்லை, ஆகவே விற்ற பணம் முழுவதையும் லாபமாகக் கணக்குப் போட்டு வரி கேட்டிருந்தார்கள்.

பதில் அனுப்ப வழக்கமாக 30 நாள், வெளிநாட்டு முகவரி என்றால் 60. கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்துதான் கணக்கு, கவர் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. பதிலே போடாவிட்டால் அடுத்து வருவது சட்டப்படியான வரிப் பற்றாக்குறை அறிவிப்பு. அதன் பிறகு வரி நீதிமன்றம் போக 90 நாள், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு முகவரியிட்டிருந்தால் 150 நாள். அதையும் தவறவிட்டால் முதலில் கட்டிவிட்டுத்தான் வழக்காட முடியும். ஆறுமாதம் கழித்து நண்பர் வீட்டு அலமாரியில் கண்டெடுத்திருந்தால் எங்கே நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்றே ஸ்கேன் கையில் இருந்ததால், பங்கு விற்பனைக் கணக்கைக் காட்டும் படிவம் 8949-இல் வாங்கிய விலையைக் காட்டி, ஸ்டேட்மென்ட் இணைத்து, ஐஆர்எஸ்ஸின் ஆவணப் பதிவேற்றத் தளத்தில் ஏற்றிவிட்டார். கேட்ட தொகையில் சின்னப் பங்குதான் கட்ட வேண்டி வந்தது. இந்தக் கவர் கோவைக்கே நேராக வந்திருக்காதா என்றால், வந்திருக்கலாம், 8822-இல் வெளிநாட்டு முகவரியும் கொடுக்கலாம். ஆனால் எப்போது வரும், வந்ததா இல்லையா என்று தெரியாத நிலை இருந்திருக்கும். பெட்டியில் தேதியோடு ஒரு படம் இருக்கிறது.

செக்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அபார்ட்மென்ட் டெபாசிட் செக் வந்தது. ஸ்கேனை எடுத்து பேங்க் ஆப்பில் போட்டோ பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், பேங்க் கேட்பது அசல் செக்கின் போட்டோ, ஸ்கிரீனின் போட்டோ இல்லை. அப்படிச் செய்து கணக்கு முடங்கினால் இந்தியாவிலிருந்து சரிசெய்வது தலைவலி. கடைக்காரரே செக்கை பேங்குக்குத் தபாலில் அனுப்பிப் போடும் வசதிக்குத் தனிக் கட்டணம், சில நாள் தாமதம், ஆனால் பணம் ஏறிவிட்டது. சாதாரண செக்கை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பேங்க் கட்டாயம் மதிக்க வேண்டியதில்லை, கருவூலச் செக்குக்கு ஒரு வருஷம். முடிந்தால் வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கணக்கில் போடச் சொல்லிவிடுங்கள்.

கடை வெளியேறியபோது

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஆப்பிலிருந்து ஒரு ஈமெயில்: உங்கள் முகவரி இருக்கும் கடை எங்கள் குழுவிலிருந்து விலகுகிறது, இன்ன தேதிக்குள் வேறு கடை தேர்ந்துகொள்ளுங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் நடுவில் என்ன நடந்ததோ நமக்குத் தெரியாது, எந்தக் கம்பெனி என்றும் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் இந்த ரகத்தில் இது நடக்கக்கூடியதுதான்.

வீடு மாறினால் யுஎஸ்பிஎஸ்ஸிடம் ஒரு விண்ணப்பம், தபால் பின்னாலேயே வந்துவிடும் என்று பழகிப்போனவர்களுக்கு இங்கேதான் அதிர்ச்சி. சிஎம்ஆர்ஏ பெட்டியிலிருந்து வெளியேறும்போது தபால் துறையிடம் முகவரி மாற்ற விண்ணப்பம் கொடுக்க முடியாது. அந்தத் தெரு முகவரி கடைக்காரருடையது, நீங்கள் அதற்குள் ஒரு எண். பெட்டி மூடிய பிறகு ஆறு மாதம் வரை கடைக்காரர்தான் உங்களுக்கு வரும் தபாலைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதுவும் புதிதாகத் தபால் செலவு கட்டி. அந்தச் செலவை உங்களிடம்தான் வாங்குவார்கள். அப்புறம் வருவதெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

அதாவது பெட்டி முகவரியை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்களோ அத்தனை பேரிடமும் நீங்களே போய் மாற்ற வேண்டும். அண்ணி நோட்டு இருந்ததால் யாரைத் தேடுவது என்ற குழப்பம் இல்லை. சமைக்கிற நேரம் போக ராத்திரியில் உட்கார்ந்து வரிவரியாக மாற்றினார்கள். புதிதாக 1583, மறுபடி நோட்டரி, இந்தத் தடவை வீடியோவில். முகவரிச் சான்றாகக் காலாவதியாகாத டெக்சஸ் லைசென்ஸ் கையில் இருந்தது. லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு இன்னும் விடை இல்லை. இந்த முறை சொந்தக் கட்டடம் வைத்து நடத்தும் கம்பெனியாகப் பார்த்து எடுத்தார்கள், மாதத்துக்குச் சில டாலர் அதிகம்.

மாறிய கையோடு பட்டியலையும் குறைத்தார்கள். பல் டாக்டர், பழைய இன்ஷூரன்ஸ், எச்எஸ்ஏ எல்லாவற்றையும் கணக்கு முடித்து மூடினார்கள். முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற கிரெடிட் கார்டு விளம்பரங்களை நிறுத்த ஆப்ட்அவுட்பிரீஸ்கிரீன் தளத்தில் பதிவு செய்தார்கள், ஏனென்றால் மாதத்துக்கு இத்தனை கவர் என்ற அளவில் இந்த விளம்பரமும் ஒரு கவராகக் கணக்காகும். குப்பைக்குக் காசு கொடுப்பது அண்ணிக்கு ஆகவே ஆகாது.

செலவைக் கேட்பார்கள் என்று தெரியும். சந்தையில் மாதம் சுமார் 10 டாலரிலிருந்து 30 டாலர் வரை இருக்கிறது, எத்தனை கவர், எத்தனை பக்க ஸ்கேன் என்பதைப் பொறுத்து. கண்ணில் படாத செலவு ஸ்கேன் அந்த அளவைத் தாண்டும்போதும், கூரியரிலும், செக்கிலும் வரும். டெபிட் கார்டு ஒன்றைக் கோவைக்குக் கூரியரில் வரவழைத்தது சில மாதச் சந்தாவைவிட அதிகம் ஆனது. இன்னொரு சங்கதி, பாஸ்போர்ட், லைசென்ஸ் நகல் உங்களுக்குத் தெரியாத ஒரு கடையில் இருக்கும், 2023-இலிருந்து படிவ விவரத்தைத் தபால் துறையின் தரவுத்தளத்திலும் ஏற்றுகிறார்கள். அது பிடிக்காதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

இப்போது நோட்டில் மிச்சம் இருப்பது 401கே, ஒரு புரோக்கரேஜ், ஐஆர்எஸ், ஒரு பேங்க். ஒரே ஒரு பேங்க் கணக்கு மட்டும் வைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு நான் பெட்டி எடுக்கவே சொல்ல மாட்டேன். அந்த பேங்க்கில் நேராக இந்திய முகவரியைக் கொடுத்துவிட்டு, அமெரிக்கப் போன் எண்ணை மட்டும் ஓடிபி வருவதற்காக உயிரோடு வைத்துக்கொண்டால் போதும். அண்ணன் மாதிரி பங்கும் ஓய்வூதியக் கணக்கும் பாக்கி வரி வருஷங்களும் இருப்பவர்களுக்குச் சில வருஷத்துக்காவது இது தேவை. புரோக்கரேஜை விற்று முடித்த பிறகு, அந்த வருஷத்து வரித் தாக்கலில் கோவை முகவரியைப் போட்டு, 8822-உம் அனுப்பிவிட்டு, மஞ்சள் ஸ்டிக்கரோ புதுக் கவரோ வருகிறதா என்று ஒரு வரி சீசன் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவதாக இருக்கிறார்கள்.